காற்றில் கார்பன் டை ஆக்சைடு: உங்கள் அளவீட்டின் நிச்சயமின்மையைக் கணக்கிட முழு வழிகாட்டி

கருவியின் திரையில் 421.37 பிபிஎம் (மில்லியனுக்கு இத்தனை பங்கு) என்று ஓடிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் கடைசியில் உள்ள 7-ஐப் பார்த்துவிட்டு, அளவு 0.01 பிபிஎம் வரை சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கருவி சற்று முன் காட்டியதோடு ஒத்துப்போகிறது என்பதற்கு மேல் அந்த 7 எதையும் சொல்வதில்லை. கோபுரத்தின் உச்சியில் இருக்கும் காற்றுக்கும் திரையில் இருக்கும் எண்ணுக்கும் நடுவே குழாய், பம்ப், ஃபில்டர், வால்வு, நீராவி, சிலிண்டர் என்று எத்தனையோ இருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் பங்குக்கு எண்ணைக் கொஞ்சம் நகர்த்தும். அப்படி எவ்வளவு நகர்ந்திருக்கலாம் என்ற அளவுதான் நிச்சயமின்மை.

எவ்வளவு நகர்ந்தால் தப்பு? வட அரைக்கோளத்தில் நிலையங்களின் அளவுகள் ஒன்றோடொன்று 0.1 பிபிஎம்முக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பு வைத்திருக்கும் இலக்கு. தென் அரைக்கோளத்துக்கு 0.05. ஒரு நிலப்பரப்பு எவ்வளவு கார்பனை உறிஞ்சியது, எவ்வளவை வெளியேற்றியது என்பதை நிலையங்களுக்கு இடையிலான சின்ன வித்தியாசங்களிலிருந்துதான் கணக்கிடுகிறார்கள். உங்கள் நிலையம் 0.3 பிபிஎம் குறைத்துக் காட்டினால், இல்லாத காடு ஒன்று கணக்கில் முளைத்துவிடும்.

கோபுரத்தின் அடியில் ஓர் அறை, அதில் கேவிட்டி ரிங்டவுன் வகை லேசர் கருவி (கண்ணாடிகளுக்கு இடையே லேசர் ஒளி எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று பார்த்து வாயுவை அளப்பது), மேலிருந்து நீளக் குழாய் வழியே காற்று. இப்படிப்பட்ட நிலையத்துக்காக இதை எழுதுகிறேன். படிகளை காற்று வரும் வழியிலேயே வரிசைப்படுத்தியிருக்கிறேன். முன்னால் நடந்த பிழையைப் பின்னால் வரும் எந்தப் படியும் திருத்தாது என்பதால் இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவுத்திருத்தத்துக்கு, அதாவது மதிப்பு தெரிந்த வாயுவால் கருவியைச் சரிசெய்வதற்கு, குறைந்தது மூன்று சிலிண்டர்கள், அவற்றின் சான்றிதழ்களோடு. தனியாக ஒரு டார்கெட் சிலிண்டர், அதாவது திருத்தத்தில் சேர்க்காமல் சரிபார்க்க மட்டும் வைத்திருப்பது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் அதற்கென்றே ஒரு ரெகுலேட்டர். குழாயின் நீளம், உள்விட்டம், பம்ப் இழுக்கும் அளவு ஆகியவை எழுதிய வரைபடம். கடைசி ஒரு மாதத்தின் மூலத் தரவு.

மூலத் தரவு என்றால் உண்மையிலேயே மூலத் தரவு: நீராவி, கருவியின் உள்ளறை அழுத்தம், வெப்பநிலை, வால்வு நிலை எல்லாம் இருக்க வேண்டும். மணிச் சராசரியை மட்டும் வைத்துக்கொண்டு நிச்சயமின்மை கணக்கிட உட்காருபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சராசரி எடுத்த பிறகு பிழையின் தடயம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இவற்றோடு ஒரு கையெழுத்து நோட்டு. எந்த நாளில் எந்த ஃபிட்டிங்கைத் தொட்டீர்கள் என்பது அதில் இருக்கட்டும்.

## 2. எந்த எண்ணுக்கு நிச்சயமின்மை என்று முதலில் எழுதுங்கள்

நிமிடச் சராசரிக்கா, மணிச் சராசரிக்கா, மாதச் சராசரிக்கா? மூன்றுக்கும் விடை வேறு. மாத அளவில் சீரற்ற இரைச்சல் கரைந்துபோகும், சிலிண்டர் மதிப்பில் உள்ள பிழை அப்படியே நிற்கும். நிமிட அளவில் இரண்டும் சேர்ந்து வரும்.

அடுத்து, யாரோடு ஒப்பிடப் போகிறீர்கள்? ஒரே அளவுகோலில் (சிலிண்டர்களுக்கு மதிப்பு ஒதுக்கும் பொது அடிப்படையில்) இருக்கும் இன்னொரு நிலையத்தோடு என்றால், அளவுகோலின் மூலப் பிழை இரு பக்கமும் பொதுவாக இருப்பதால் பெரும்பாலும் கழிந்துவிடும். தனி எண்ணாக, ‘காற்றில் இவ்வளவு இருக்கிறது’ என்று சொல்லப் போகிறீர்கள் என்றால் அதையும் சேர்க்க வேண்டும். இதை முடிவு செய்யாமல் தொடங்கினால், கடைசிப் பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தடுமாறுவீர்கள்.

## 3. கசிவு: எல்லாவற்றுக்கும் முன்

இந்தப் படிக்கு நான் அதிக நேரம் கேட்பேன். காரணம் இந்தக் கணக்குதான். வெளிக்காற்று 420 பிபிஎம். இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும் மூடிய ஏசி அறை எளிதாக 700 பிபிஎம்மைத் தொடும். வித்தியாசம் 280. உங்கள் அளவு 0.1 பிபிஎம் ஏறுவதற்கு, அறைக்காற்று 0.036 சதவீதம் கலந்தால் போதும். கருவிக்குள் நிமிடத்துக்கு 300 மில்லி லிட்டர் காற்று போகிறது என்றால், 0.1 மில்லி லிட்டர் அறைக்காற்று உள்ளே புகுந்தாலே இலக்கு முழுவதும் காலி. ஒரு நிமிடத்தில் ஓரிரு துளி அளவு காற்று, அவ்வளவுதான்.

சோதனை இரண்டு வகை. முதலில், குழாயின் மேல் முனையை அடைத்துவிட்டு, பம்பால் வெற்றிடம் இழுத்து, வால்வை மூடி, அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஏறினால் எங்கோ கசிகிறது. முள் நின்றால் அடுத்த சோதனை: வழக்கம்போல் காற்று ஓடும்போது ஒவ்வொரு ஃபிட்டிங் அருகிலும் மெதுவாக மூச்சு விடுங்கள். நம் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு 4 சதவீதத்தை ஒட்டி, அதாவது 40,000 பிபிஎம் அளவில் இருக்கிறது. கசிவு இருந்தால் திரையில் ஓர் ஊசி எழும்பும். குழாய் நீளத்துக்கு ஏற்பத் தாமதமாக எழும்பும் என்பதால், ஒரு இடத்தில் ஊதிவிட்டு உடனே அடுத்ததற்குப் போகாதீர்கள். எந்த ஊசி எந்த இடத்துக்கு என்று தெரியாமல் போய்விடும்.

நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில் காலை பத்து மணிக்கு மேல் அளவு 0.3 பிபிஎம் ஏறும், மாலை இறங்கும். ஞாயிற்றுக்கிழமை ஏறாது. டார்கெட் சிலிண்டர் கச்சிதமாக இருந்ததால், காற்றே அப்படித்தான் என்று சில வாரங்கள் நம்பினோம். கசிவு இருந்தது வால்வுக்கு முன்னால், வெளிக்காற்றுக் குழாயில். சிலிண்டர் வாயுக்கள் அந்த வால்வுக்குப் பின்தான் சேர்ந்தன. அதனால் அளவுத்திருத்தத்துக்கும் டார்கெட்டுக்கும் கசிவு கண்ணிலேயே படவில்லை. ஒரு ஃபெரூலை (ஃபிட்டிங்குக்குள் குழாயை இறுக்கும் சின்ன வளையம்) மாற்றியதும் ‘வேலை நாள் ஏற்றம்’ நின்றது.

இதனால்தான், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறையாவது ஒரு சிலிண்டர் வாயுவைக் கோபுரத்தின் மேலிருந்தே முழுக் குழாய் வழியாக அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன். வாயு நிறையச் செலவாகும். ஆனால் குழாயின் பங்கை நேரடியாகக் காட்டும் சோதனை இது ஒன்றுதான். சிலிண்டர் மதிப்புக்கும் குழாய் வழியே வந்த மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். 10-ஆவது படியில் ‘குழாய்’ என்ற வரியில் போகப்போகும் எண் அது.

குழாய்ப் பொருளும் முக்கியம். துருப்பிடிக்காத எஃகு அல்லது உள்ளே அலுமினியப் படலம் வைத்த பிளாஸ்டிக் குழாய் போடுங்கள். சிலிக்கான் ரப்பர் குழாய் வேண்டவே வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு அதன் சுவர் வழியாகவே ஊடுருவும்.

## 4. குழாயில் காற்று தங்கும் நேரம்

60 மீட்டர் குழாய், உள்விட்டம் 9.5 மில்லி மீட்டர் என்றால் உள்ளே சுமார் 4.25 லிட்டர் காற்று நிற்கும். கருவி மட்டும் நிமிடத்துக்கு 300 மில்லி லிட்டர் இழுத்தால், மேலே நுழைந்த காற்று கீழே வர 14 நிமிடம் ஆகும். தனி பம்ப் வைத்து 10 லிட்டர் இழுத்து, அதிலிருந்து கருவிக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்தால் 25 நொடி.

இந்தத் தாமதத்தை நேரக்குறியில் கழியுங்கள். காற்றாலோ மழையாலோ அளவு வேகமாக மாறும் நேரங்களில், கழிக்காத தாமதம் உங்கள் தரவையும் காற்றுத்திசைத் தரவையும் பொருந்தாமல் செய்துவிடும். கணினிக் கடிகாரத்தையும் இப்போதே சரிபாருங்கள்.

## 5. நீராவி

நமக்கு வேண்டியது உலர்ந்த காற்றில் மில்லியனுக்கு எத்தனை என்ற எண். ஈரக்காற்றில் நீராவி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் மற்ற எல்லாமே நீர்த்துத் தெரியும். சென்னை, புதுச்சேரி போன்ற கடலோரத்தில் பனிப்புள்ளி 24 டிகிரி என்பது சாதாரணம். அப்போது காற்றில் நீராவி கிட்டத்தட்ட 3 சதவீதம். நீர்த்தல் மட்டுமே 12 பிபிஎம்மைத் தாண்டும். அப்புறம், கார்பன் டை ஆக்சைடு லேசர் ஒளியை உறிஞ்சும் குறுகிய அலைநீளப் பட்டையையும், அதாவது உறிஞ்சல் கோட்டையும், நீராவி அகலப்படுத்துகிறது. இரண்டும் சேர்ந்து திருத்தம் 16 பிபிஎம் அளவுக்குப் போகும்.

16 பிபிஎம் திருத்தத்தில் 1 சதவீதம் தவறினால் 0.16 பிபிஎம். இலக்கு தாண்டிவிட்டது. குளிர்ந்த, வறண்ட மலை உச்சி நிலையத்துக்கு எழுதிய நிச்சயமின்மைப் பட்டியலை நம் கடற்கரைக்கு அப்படியே எடுத்துப் போட முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றை உலர்த்துவது. நாஃபியான் குழாய் (சுவர் வழியே நீராவியை வெளியேற்றுவது) அல்லது குளிர்பொறி (நீராவியைக் குளிர்வித்துப் பிடிப்பது) போதும். முழுக்க உலரவேண்டும் என்பதில்லை, மீதி நீராவி சின்னதாகவும் நிலையாகவும் இருந்தால் திருத்தமும் அதன் பிழையும் சின்னதாகிவிடும். நாஃபியான் வைத்தால் சிலிண்டர் வாயுவையும் அதன் வழியாகவே அனுப்புங்கள். அதன் சுவர் கார்பன் டை ஆக்சைடையும் கொஞ்சம் கடத்தும், இரண்டு வாயுவும் ஒரே வழியில் வந்தால் அந்த இழப்பு பெரும்பாலும் கழிந்துவிடும்.

இரண்டாவது வழி, ஈரக்காற்றை அப்படியே அளந்து சமன்பாட்டால் திருத்துவது. தயாரிப்பாளர் கொடுத்த கெழுக்களை நம்பி நிற்காமல் உங்கள் கருவிக்கே சோதனை செய்யுங்கள். உலர்ந்த சிலிண்டர் வாயு போகும் குழாயில், நீர் தாண்டாத ஃபில்டருக்கு முன்னால், சிரிஞ்சால் ஒரு சொட்டு நீரை விடுங்கள். நீராவி சட்டென்று ஏறி, நீர் ஆவியாக ஆவியாக மெதுவாக இறங்கும். சிலிண்டருக்குள் இருக்கும் வாயு மாறவில்லை, ஆகவே திருத்திய உலர் மதிப்பு நேர்க்கோடாக இருக்க வேண்டும். நீராவியோடு சேர்ந்து அது வளைந்தால், அந்த வளைவுதான் உங்கள் நீராவிப் பிழை. சொட்டு நீர் லேசர் அறைக்குள் போனால் கருவி கெட்டுவிடும், அதனால் ஃபில்டரை மறந்து இந்தச் சோதனையை ஆரம்பிக்கவே கூடாது.

## 6. சிலிண்டர்களும் ரெகுலேட்டர்களும்

சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது அளவுகோலின் பெயர். இப்போது நடப்பில் இருப்பது எக்ஸ்2019, அமெரிக்காவின் நோவா ஆய்வகம் பராமரிப்பது. இதற்கு முந்தைய எக்ஸ்2007-ஐ விட இது 400 பிபிஎம் அருகில் சுமார் 0.18 பிபிஎம் கூடுதலாகக் காட்டும். ஒரு சிலிண்டர் பழைய அளவுகோலிலும் மற்றவை புதியதிலும் இருந்தால், நீங்கள் கருவியைக் குறை சொல்லிக்கொண்டே மாதங்களை ஓட்டுவீர்கள்.

இரண்டாவது, உள்ளே இருப்பது இயற்கைக் காற்றா, கலந்து தயாரித்ததா? கேவிட்டி ரிங்டவுன் கருவி பெரும்பாலும் கார்பன்-12 கொண்ட மூலக்கூறை மட்டும் எண்ணி, மொத்தத்தை ஊகிக்கிறது. எரிபொருளிலிருந்து எடுத்த வாயுவால் தயாரித்த சிலிண்டரில் கார்பன்-13 வெளிக்காற்றை விட ஆயிரத்துக்கு 30 பங்கு குறைவாக இருந்தால், 420 பிபிஎம்மில் கிட்டத்தட்ட 0.14 பிபிஎம் பிசகும். கலவையில் ஆர்கான் விடுபட்டிருந்தால் உறிஞ்சல் கோட்டின் அகலமும் மாறும். இயற்கைக் காற்றை உலர்த்தி நிரப்பிய சிலிண்டரையே கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மலிவான சிலிண்டரால் வரும் பிசகை அப்புறம் தரவிலிருந்து பிரித்தெடுக்க முடியாது.

மூன்றாவது, அழுத்தம். சிலிண்டர் காலியாகக் காலியாக, உட்சுவரில் ஒட்டியிருந்த கார்பன் டை ஆக்சைடு விடுபட்டு மதிப்பு மெல்ல ஏறும். 20 பாருக்குக் கீழே போக விடாமல் மாற்றுங்கள். சிலிண்டர்களைப் படுக்க வைத்து, ஒரு முனையில் மட்டும் வெயிலோ ஏசிக் காற்றோ படாமல் வைப்பது நல்லது. இரு முனைக்கும் வெப்ப வித்தியாசம் இருந்தால் உள்ளே வாயுக்கள் லேசாகப் பிரியும்.

ரெகுலேட்டரைப் புதிதாகப் பொருத்தியதும் நிரப்பிக் காலி செய்வதை நாலைந்து முறை செய்யுங்கள். பல நாள் சும்மா நின்ற ரெகுலேட்டருக்குள் தேங்கிய வாயுவின் மதிப்பு மாறியிருக்கும், அதை வெளியேற்றிய பிறகே அளவு எடுக்க வேண்டும்.

## 7. அளவுத்திருத்தம்

சிலிண்டர் மதிப்புகள் நீங்கள் அளக்கப்போகும் வரம்பைச் சூழ்ந்திருக்க வேண்டும். 400, 430, 470 பிபிஎம் போல. தாழ்ந்த நிலையங்களில் காற்று அசையாத இரவுகளில் 500-ஐயும் தொடும், அப்போது மேல் சிலிண்டர் அதற்கும் மேல் இருக்கட்டும். வரம்புக்கு வெளியே திருத்தக் கோட்டை நீட்டி எடுத்த மதிப்புக்கு நிச்சயமின்மை வேகமாகக் கூடும்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் 20 நிமிடம் கொடுத்து, முதல் 10 நிமிடத்தைத் தள்ளிவிடுங்கள். எப்போதும் குறைந்ததிலிருந்து கூடியதற்கு என்ற ஒரே வரிசையில் ஓட்டாமல் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். முந்தைய வாயுவின் மிச்சம் ஒவ்வொரு முறையும் ஒரே பக்கமாக இழுத்தால், சராசரியில் அது மறைந்துகொள்ளும்.

சிலிண்டர்களின் சான்றிதழ் மதிப்புக்கும் கருவி காட்டியதற்கும் நேர்க்கோடு பொருத்திய பின் ஒவ்வொரு சிலிண்டரும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். அதோடு நிறுத்தாமல், ஒரு சிலிண்டரை விட்டுவிட்டு மற்றவற்றால் கோடு போட்டு, விட்டதை ஊகித்துப் பாருங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் எப்போதும் தவறினால் அந்தச் சிலிண்டரைச் சந்தேகியுங்கள். எல்லாம் சேர்ந்து நகர்ந்தால் கருவி நகர்ந்திருக்கிறது. இரு அளவுத்திருத்தங்களுக்கு நடுவே கோடு எவ்வளவு நகர்ந்தது என்பது பட்டியலில் தனி வரி.

## 8. டார்கெட் சிலிண்டர்

இதன் மதிப்பு உங்களுக்குத் தெரியும், ஆனால் கோடு போட இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்தத் தனிமைதான் இதன் பயன். நாளுக்கு ஒரு முறை, தெரியாத காற்றைப் போலவே நடத்தி அளந்து, ஒதுக்கிய மதிப்பிலிருந்து உள்ள வித்தியாசத்தைக் குறியுங்கள்.

கோடு கொஞ்சம் பிசகினால் டார்கெட்டையும் சேர்த்துப் பொருத்திவிடலாமே என்று ஒவ்வொரு புதியவரும் ஒரு முறை கேட்பார். சேர்த்தால் கோடு அழகாகும். அதற்கப்புறம் உங்கள் தவறைச் சொல்ல அறையில் வேறு சாட்சி கிடையாது.

வித்தியாசங்களின் சராசரி உங்கள் நிலையான சாய்வு (எப்போதும் ஒரே பக்கமாக விலகும் அளவு), பரவல் உங்கள் மறுநிகழ்வுத் திறன். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்.

## 9. இரைச்சலும் சராசரியும்

ஒரே சிலிண்டரை 24 மணி நேரம் ஓட விட்டு, 1 நிமிடம், 5 நிமிடம், 1 மணி என்று சராசரி நேரத்தைக் கூட்டிக்கொண்டே பரவலைப் பாருங்கள். ஓர் இடம் வரை குறையும், பிறகு கருவியின் மெதுவான நகர்வு தலைதூக்கி ஏறும். 60 நிமிடங்கள் இருக்கின்றன, ஆகவே 60-இன் வர்க்கமூலத்தால் வகுத்தேன் என்பது அந்த இடம் வரைதான் செல்லும்.

இன்னொரு குழப்பம் மிகப் பரவலானது: மணிக்குள் இருக்கும் நிமிட மதிப்புகளின் திட்ட விலக்கத்தை (சராசரியைச் சுற்றிய பரவலின் அளவு) நிச்சயமின்மை என்று எழுதுவது. அது காற்றின் ஏற்ற இறக்கம். ஹவாயின் மௌனா லோவா மலை நிலையத்தில் நிமிடங்களின் திட்ட விலக்கம் 0.3 பிபிஎம்முக்குள் இருக்கும் மணியையும், அடுத்தடுத்த மணிகளின் வித்தியாசம் 0.25-க்குள் இருப்பதையும் பார்த்துப் பின்புலக் காற்றை (அருகிலுள்ள மூலங்கள் கலக்காத காற்றை) தேர்ந்தெடுக்கிறார்கள். அது தேர்வுக்கான விதி. கருவி எவ்வளவு நம்பகம் என்பதற்கு வேறு எண் வேண்டும்.

## 10. பட்டியல் போட்டுக் கூட்டுங்கள்

இப்போது ஒவ்வொரு படியிலும் கிடைத்த எண்ணை எழுதுங்கள், எல்லாம் ஒரு திட்ட விலக்க அளவில். ஓர் உதாரணம், மணிச் சராசரிக்கு, பிபிஎம்மில்: இரைச்சல் 0.02, சிலிண்டர் மதிப்பு 0.03, கோட்டிலிருந்து விலகல் 0.02, இடைக்கால நகர்வு 0.02, நீராவி 0.05, குழாய் 0.03.

ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்பதால் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். கூட்டுத்தொகை 0.0055, வர்க்கமூலம் 0.074. சுமார் 95 சதவீத நம்பிக்கைக்கு 2-ஆல் பெருக்கினால் 0.15. நேரடியாகக் கூட்டியிருந்தால் 0.17 வந்திருக்கும், 2-ஆல் பெருக்கும் முன்பே. எல்லாப் பிழையும் ஒரே திசையில் சேர்வது அரிது என்பதால் அது மிகை.

இந்தப் பட்டியலின் பெரும்பலன் அடுத்த வேலையைச் சொல்வதில் இருக்கிறது. இரைச்சலைப் பாதியாக்கினால் 0.074 என்பது 0.072 ஆகும், அவ்வளவுதான். உலர்த்தி வைத்து நீராவியை 0.02-க்குக் கொண்டுவந்தால் 0.058 ஆகும். புதுக் கருவிக்குப் பணம் கேட்கும் முன் இந்த இரண்டு வரிகளையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு கவனம்: காரணம் தெரிந்த சாய்வை, அதாவது டார்கெட் எப்போதும் 0.06 கூடுதலாகக் காட்டுவது போன்றதை, நிச்சயமின்மைக்குள் போட்டு மூடாதீர்கள். முதலில் காரணத்தைத் திருத்துங்கள், திருத்தத்தில் மிஞ்சும் சந்தேகத்தை மட்டும் பட்டியலில் சேருங்கள்.

## 11. தரவோடு எழுதி வைக்க வேண்டியவை

அளவுகோலின் பெயர், நிச்சயமின்மை எந்தச் சராசரி நேரத்துக்கு, திட்ட விலக்கத்தின் ஒரு மடங்கா இரண்டு மடங்கா, அளவுகோலின் மூலப் பிழை சேர்ந்ததா இல்லையா. ‘±0.15’ என்று மட்டும் எழுதிய கோப்பை ஐந்து ஆண்டு கழித்துத் திறப்பவருக்கு இவை எதுவும் தெரியாது.

மூலத் தரவையும் சிலிண்டர் வரலாற்றையும் அழிக்காதீர்கள். அளவுகோல் மறுபடி மாறும்போது முழுத் தொடரையும் மூலத்திலிருந்து மீண்டும் கணக்கிட வேண்டும். கணக்கிட்ட மதிப்பில் ஒரு எண்ணைக் கூட்டிவிடுவது எல்லாச் செறிவுக்கும் பொருந்தாது. பட்டியலை ஆண்டுக்கொரு முறையும், பம்ப், ஃபில்டர், சிலிண்டர் எதை மாற்றினாலும் அன்றே 3-ஆவது படியிலிருந்தும் மறுபடி போடுங்கள்.